புல் இருக்கும் இடம்தான் ஊர்: யூரேசியப் புல்வெளி மேய்ப்பர்களின் கதை

கசகஸ்தான், மங்கோலியா புல்வெளிகளில் பனி விழுந்த பிறகு மேய்ச்சலுக்கு முதலில் விடப்படுவது குதிரை. அது முன்னங்காலால் பனியைத் தோண்டும். மேலே இறுகிக் கிடக்கும் பனியோட்டை அதன் குளம்பு உடைக்கும். அடியில் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும் புல்லின் நுனியைக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். அப்புறம் அதே தடத்தில் மாடு, அதற்குப் பின்னால் செம்மறி. மாட்டுக்குத் தோண்டத் தெரியாது. மூக்கால் பனியைத் தள்ளிப் பார்க்கும். பனி இறுகியிருந்தால் மூக்கு கிழிந்துபோகும். அரையடி ஆழத்தில் புல் இருக்க, அதன் மேலேயே நின்று பட்டினியால் செத்துப்போகும். செம்மறி கொஞ்சம் தோண்டும், அதுவும் மென்பனியாக இருந்தால்தான். குதிரை முன்னால் போய் உடைத்துக் கொடுத்தால் மற்றவை பிழைக்கும்.

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் புல்வெளி வரலாற்றில் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். புல்வெளிக் குதிரை என்றதும் நமக்குப் போர்தான் நினைவுக்கு வருகிறது. செங்கிஸ் கான், வில், அம்பு, எரியும் நகரங்கள். அந்த வரலாற்றைப் பெரும்பாலும் எழுதி வைத்தவர்கள் கோட்டைச் சுவருக்கு உள்ளே இருந்தவர்கள். சுவர் மேல் நின்று பார்த்தால் பாய்ந்து வரும் குதிரைதான் தெரியும். அந்தக் குதிரை போன குளிர்காலத்தை எப்படித் தாண்டியது, அதை யார் எங்கே மேய்த்தார்கள் என்பதெல்லாம் தெரியாது.

தமிழில் இவர்களை நாடோடிகள் என்கிறோம். அந்தச் சொல்லில் ஓர் அலட்சியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் நிலைக்காதவன், கால் போன போக்கில் திரிபவன் என்கிற தொனி அது. கால் போன போக்கில் போனால் ஒரே குளிர்காலத்தில் மந்தை மொத்தமும் காலி. எந்த நாளில் கிளம்புவது, எந்தக் கணவாய் வழியாகப் போவது, எந்தக் கால்நடையை முதலில் மேய விடுவது, எந்தப் பள்ளத்தாக்கைத் தொடாமல் குளிர்காலத்துக்கு மிச்சம் வைப்பது என்று எல்லாமே கணக்கு. ஏர் பிடிப்பவருக்கு உழவு எப்படியோ அப்படித்தான் இவர்களுக்கு இடம் மாறுவது. இதைப் புரிந்துகொள்ளாமல் இவர்களைக் கட்டி உட்கார வைக்கப் போன இடங்களில் எல்லாம் பெரும் துயரம்தான் மிஞ்சியது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஹங்கேரிச் சமவெளியில் தொடங்கி, உக்ரைன், தெற்கு ரஷ்யா, கசகஸ்தான், மங்கோலியா வழியாக மஞ்சூரியா வரை ஏறக்குறைய 8,000 கிலோமீட்டருக்கு, இடையிடையே மலைகள் குறுக்கிட்டாலும், புல்வெளி நீள்கிறது. வடக்கே காடு, தெற்கே பெரும்பாலும் பாலை. பெரும்பகுதியில் ஆண்டுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் மழை. அதுவும் இந்த ஆண்டு இந்தப் பள்ளத்தாக்கில் பெய்தால் அடுத்த ஆண்டு நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்யும். வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்வோமே, அதன் உச்சம் இது. இப்படிப்பட்ட நிலத்தில் விதைத்துவிட்டுக் காத்திருப்பவரின் பிழைப்பு மழையின் தயவில் இருக்கிறது. மேய்ப்பர் காத்திருப்பதில்லை. மழை எங்கே பெய்ததோ அங்கே மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறார். மனிதர் தின்ன முடியாத புல்லைப் பாலாகவும் கறியாகவும் கம்பளியாகவும் மாற்றும் வேலையைக் கால்நடை பார்த்துக்கொள்கிறது.

மங்கோலியர்கள் தங்கள் கால்நடையை 'ஐந்து மூக்கு' என்று சேர்த்துச் சொல்வார்கள். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. மலைப்பகுதியின் யாக் எருதும் மாட்டுக் கணக்கில் சேரும். இவற்றில் குதிரையும் செம்மறியும் சூடான மூக்குள்ளவை, மற்ற மூன்றும் குளிர்ந்த மூக்குள்ளவை என்று இன்னொரு பாகுபாடும் உண்டு. ஐந்தும் ஒரே புல்லை ஒரே மாதிரி மேய்வதில்லை. ஒட்டகம் முள்செடியைத் தின்னும், வெள்ளாடு பாறைச் சரிவில் ஏறும், குதிரை நாளெல்லாம் நடந்து தூரத்துப் புல்லைத் தேடும். ஒரு நோயோ ஒரு வறட்சியோ வந்தால் ஐந்தும் ஒன்றாகப் போய்விடாது. தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. ஆனால் புல்வெளியில் அந்தச் செல்வம் ஒரே இரவில் உறைந்து போகக்கூடியது. அதனால்தான் இப்படிப் பிரித்து வைக்கிறார்கள்.

மங்கோலியாவில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு நான்கு முறையாவது இடம் மாறும். தெற்கே உள்ள கோபிப் பாலைப் பகுதியில் இன்னும் அதிகம். கோடையில் ஆற்றோரம், இலையுதிர் காலத்தில் கொழுப்பேறும் புல் உள்ள மேட்டு நிலம். குளிர்காலக் கிடை மட்டும் எங்கு வேண்டுமானாலும் போடுவதல்ல. தெற்குப் பார்த்த மலைச்சரிவு, வடக்கிலிருந்து வரும் காற்றை மறைக்கும் பாறை என்று தேடிப் பிடித்த இடம் அது. அங்கே ஆண்டாண்டாகச் சேர்ந்த ஆட்டுப் புழுக்கை இறுகி, தரையே ஒரு மெத்தை மாதிரி ஆகியிருக்கும். வெளியே மைனஸ் முப்பது டிகிரி இருக்கும்போது ஆடுகள் அதன்மேல் நெருங்கிப் படுத்துக் கிடக்கும். மரமில்லாத வெளியில் அடுப்புக்கு விறகு கிடையாது. மாட்டுச் சாணம் காய்ந்து தானாகவே வறட்டி ஆகிவிடும். அதைக் கூடையில் பொறுக்கி வந்து எரிப்பார்கள். கோடை மேய்ச்சல் பொது. குளிர்காலக் கிடை மட்டும் இன்ன குடும்பத்துக்கு என்று வழக்கத்தில் உண்டு. அடுத்தவர் கிடையைச் சுற்றியுள்ள புல்லைக் கோடையில் மேய்த்துத் தீர்ப்பது அங்கே பெரிய குற்றம்.

கெர் என்ற அவர்களுடைய வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடக்கி விரிக்கக்கூடிய மரச் சட்டங்கள்தான் சுவர். அதன்மேல் கூரைக் கம்புகள், உச்சியில் வெளிச்சமும் புகையும் போய்வர ஒரு வட்டம், எல்லாவற்றையும் மூடி ஃபெல்ட் என்ற கம்பளி விரிப்பு. இது நெய்தது அல்ல. ஆட்டு ரோமத்தைக் கம்பால் அடித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒரு கழியில் சுற்றித் தோலால் கட்டி, குதிரையில் பூட்டி வெளியெங்கும் உருட்டி இழுப்பார்கள். இழுக்க இழுக்க ரோமம் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். தறியும் ஆணியும் இல்லாமல் இப்படி ஒரு வீடு. ஓரிரு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம், கழற்றினால் ஒன்றிரண்டு ஒட்டகச் சுமை.

வசந்தம்தான் மிகக் கடினமான பருவம். குளிர்காலம் முழுக்க இளைத்த கால்நடை அப்போதுதான் குட்டி போடும். சில சமயம் தாய் ஒட்டகம் தன் குட்டியை ஒதுக்கிவிடும், பால் கொடுக்காது. பாலில்லாத குட்டி பிழைக்காது. அப்போது கோபி மேய்ப்பர்கள் தாயையும் குட்டியையும் அருகருகே கட்டி வைத்து, 'கோஸ், கோஸ்' என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாடுவார்கள். பக்கத்தில் ஒருவர் குதிரைத்தலை பொறித்த இரண்டு நரம்பு வாத்தியத்தையோ புல்லாங்குழலையோ வாசிப்பார். மணிக்கணக்கில் இது நடக்கும். முதலில் தாய் கடிக்கும், உதைக்கும், எச்சில் துப்பும். பாட்டு ஓய்வதில்லை. பொழுது சாயும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வடியும், குட்டியைப் பாலுக்கு விடும். 2015-இல் யுனெஸ்கோ இந்தச் சடங்கை உடனடியாகக் காக்க வேண்டிய பண்பாட்டு மரபுகளில் சேர்த்தது. ஒரு குட்டியின் உயிருக்காக ஒரு நாள் முழுதும் பாடும் மனிதர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எத்தனை மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

சரி, இது எப்போது தொடங்கியது? ஏறக்குறைய கி.மு. 3300 வாக்கில் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே இருந்த புல்வெளியில் யம்னாயா என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட மக்கள் மாட்டு வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மந்தையோடு நகரத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஆற்றங்கரையை விட்டு அதிக தூரம் போக முடியாது. தண்ணீரும் உணவும் வேண்டுமே. வண்டி வந்ததும் நடுப் புல்வெளி திறந்தது. இவர்களின் ஒரு கிளை மேற்கே ஐரோப்பாவுக்கும் இன்னொன்று கிழக்கே அல்தாய் மலை வரைக்கும் போனது எலும்புகளில் உள்ள மரபணுவில் தெரிகிறது. பால் குடித்ததற்கான தடயம் இன்னும் வியப்பானது. பழைய எலும்புக்கூடுகளின் பல்லில் படிந்த காறையில் பால் புரதங்கள் இன்னும் சிக்கியிருக்கின்றன. மங்கோலியாவில் ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பே செம்மறியும் மாடும் கறந்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. இதில் ஒரு புதிரும் உண்டு. இன்றைய மங்கோலியர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் மரபணு இல்லை. ஆனாலும் கோடை முழுக்கப் பால் பொருள்தான் சாப்பாடு. தயிராக, கட்டியாக, காய்ந்த பாலாடையாக, தோல் பையில் ஆயிரம் முறை கடைந்து புளிக்க வைத்த குதிரைப்பாலாக நுண்ணுயிர்களிடம் பாதிச் செரிமானத்தை ஒப்படைத்துவிடுகிறார்கள்.

குதிரையைப் பழக்கியது யார் என்ற கதை அண்மையில்தான் கொஞ்சம் தெளிந்தது. வடக்குக் கசகஸ்தானில் போத்தாய் என்ற இடத்தில் கி.மு. 3500 வாக்கிலேயே மனிதர்கள் குதிரையோடு வாழ்ந்தார்கள். அங்குள்ள பானைகளில் குதிரைப்பால் கொழுப்பின் தடயம்கூடக் கிடைத்தது. அதனால் இன்றைய குதிரைகளின் முன்னோர் அவைதான் என்று பலர் நம்பினார்கள். மரபணு வேறு மாதிரிச் சொன்னது. இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக் குதிரைகள் வோல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஓர் இனத்திலிருந்து கி.மு. 2200-க்குப் பிறகு வேகமாகப் பரவியவை என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை ஒட்டி யூரல் மலைக்குக் கிழக்கே ஆரக்கால் சக்கரம் பூட்டிய தேர்கள் வருகின்றன. கி.மு. 1000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் குதிரை மேல் ஏறி மேய்ப்பதும் போரிடுவதும் புல்வெளி எங்கும் பரவிவிட்டது. காலால் நடந்து மேய்ப்பவரைவிடக் குதிரை மேல் இருப்பவர் பல மடங்கு பெரிய மந்தையைக் கட்டி மேய்க்கலாம். மந்தை பெருகினால் அதிகப் புல் வேண்டும், அதிகப் புல் வேண்டுமென்றால் அண்டை வீட்டாரோடு ஒப்பந்தமோ சண்டையோ வேண்டும். புல்வெளியின் அரசியல் அங்கிருந்துதான் கிளைக்கிறது.

கி.மு. 513 வாக்கில் பாரசீகப் பேரரசர் டேரியஸ் பெரும்படையோடு டான்யூப் ஆற்றைத் தாண்டி, கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் வாழ்ந்த ஸ்கித்தியர்கள் மேல் போனார். ஸ்கித்தியர்கள் நின்று போரிடவில்லை. கிணறுகளைத் தூர்த்து, புல்லைக் கருக்கிவிட்டு, பின்வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஓடுவதை நிறுத்தி மோதிப் பார் அல்லது பணிந்து போ என்று டேரியஸ் ஆள் அனுப்பினார். ஸ்கித்திய அரசன் இடாந்திர்சஸ் சொல்லி அனுப்பிய பதிலைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பயந்து ஓடவில்லை, அமைதிக் காலத்திலும் நாங்கள் இப்படித்தான் வாழ்கிறோம், பிடிபடுமோ எரிந்துபோகுமோ என்று கவலைப்பட எங்களுக்கு ஊரும் இல்லை பயிரும் இல்லை, போர்தான் வேண்டுமென்றால் எங்கள் மூதாதையரின் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டுப் பாருங்கள் என்பது அதன் சாரம். டேரியஸ் கடைசியில் திரும்பிப் போனார்.

நாடோடிக்கு நிலத்தின் மேல் பற்று கிடையாது என்று நினைப்பவர்களுக்கு மோடுன் கதையைச் சொல்ல வேண்டும். இது சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வைத்தது. கி.மு. 209-இல் தன் தந்தையைக் கொன்று, சீனாவுக்கு வடக்கே புல்வெளியில் இருந்த சியோங்னு மக்களின் தலைவனானவன் மோடுன். நல்லவன் என்று யாரும் சொல்லப் போவதில்லை. கிழக்கே இருந்த தோங்ஹு மக்கள் அவனைச் சோதித்துப் பார்த்தார்கள். உன் பேர்பெற்ற குதிரையைக் கொடு என்றார்கள். அமைச்சர்கள் தடுத்தும் கொடுத்துவிட்டான். உன் மனைவியரில் ஒருத்தியைக் கொடு என்றார்கள். அதையும் கொடுத்தான். மூன்றாவது முறை, நம் இருவருக்கும் நடுவில் ஆளில்லாமல் கிடக்கும் தரிசு நிலத்தைக் கொடு என்றார்கள். அது சும்மா கிடக்கும் நிலம்தானே, கொடுத்தாலும் சரி கொடுக்காவிட்டாலும் சரி என்று சில அமைச்சர்கள் சொன்னார்கள். மோடுன் கொதித்துப் போனான். நிலம்தான் நாட்டின் வேர், அதை எப்படிக் கொடுப்பது என்று சொல்லி, கொடுக்கலாம் என்றவர்களின் தலையை வெட்டிவிட்டுத் தோங்ஹு மீது பாய்ந்தான். வெற்று நிலம் என்று மற்றவர்கள் சொன்னது, ஒரு கெட்ட ஆண்டில் மந்தை தப்பிப் பிழைக்கும் இடம். இது மேய்ப்பருக்குத் தெரியும்.

அதே மோடுன் கி.மு. 200-இல் சீனாவின் ஹான் பேரரசர் காவோசுவை பைதெங் என்ற இடத்தில் ஏழு நாள் முற்றுகையிட்டான். அதன்பிறகு ஹான் அரசு ஆண்டுதோறும் பட்டும் தானியமும் மதுவும் அனுப்பி, இளவரசியையும் மணம் முடித்துக் கொடுத்து அமைதியை வாங்கியது. இதில் ஜோங்ஹாங் யூவே என்ற அரண்மனை ஊழியரின் கதை எனக்குப் பிடித்தது. விருப்பமில்லாமல் ஓர் இளவரசிக்குத் துணையாக அனுப்பப்பட்டவர், போன இடத்தில் சியோங்னு பக்கம் சேர்ந்துவிட்டார். சீனப் பட்டின் மேல் ஆசைப்பட்ட தலைவனிடம், இந்தப் பட்டை உடுத்திக்கொண்டு முட்புதருக்குள் குதிரை ஓட்டிப் பாருங்கள், கிழிந்து நாராகிவிடும், உங்கள் ஃபெல்ட் கம்பளியும் தோலும் எவ்வளவு உறுதி என்று அப்போது தெரியும் என்றார். சீன உணவைத் தூக்கி எறியுங்கள், பாலும் தயிரும் அதைவிட நல்லது என்றார். ஆடம்பரத்துக்குப் பழகினால் அடிமையாவீர்கள் என்பதுதான் அவர் எச்சரிக்கை. கிட்டத்தட்ட 900 ஆண்டு கழித்து, மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் துருக்கிய அரசர் பில்கே ககான் நிறுத்திய கல்வெட்டிலும் இதே எச்சரிக்கை வருகிறது. சீனரின் இனிப்பான பேச்சையும் மென்மையான பட்டையும் நம்பிப் போன துருக்கியர் பலர் மாண்டார்கள் என்கிறது கல்.

ஆனாலும் பட்டு இல்லாமல் இருந்துவிடலாம், தானியமும் பானையும் தேயிலையும் இல்லாமல் நெடுநாள் இருக்க முடியாது. மேய்ப்பரிடம் குதிரையும் தோலும் கம்பளியும் மிகுதி. விவசாயிக்கு அவை தேவை. சந்தை திறந்திருந்தால் வியாபாரம், மூடினால் கொள்ளை. இது பல நூற்றாண்டுகள் திரும்பத் திரும்ப நடந்தது. மங்கோலியத் தலைவர் அல்தான் கான் சந்தையைத் திறக்கச் சொல்லிச் சீனாவின் மிங் அரசிடம் ஆண்டுக்கணக்கில் தூது விட்டார். தூதுவர்களைக் கொன்றார்கள். 1550-இல் அவர் படை பெய்ஜிங் மதில் வரை வந்து சுற்றுப்புறத்தைச் சூறையாடியது. 1571-இல் ஒருவழியாக உடன்பாடு ஏற்பட்டு எல்லையில் குதிரைச் சந்தைகள் திறந்தன. அந்த எல்லையில் பெரிய படையெடுப்புகள் ஓய்ந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறி நடக்கும் சீனப் பெருஞ்சுவரின் செங்கல் பகுதி பெரும்பாலும் மிங் காலத்தில் கட்டியது. சுவர் செய்யாததைச் சந்தை செய்தது.

செங்கிஸ் கானைத் தாண்டி இந்த வரலாற்றை எழுத முடியாது. 1221-இல் மெர்வ், நிஷாபூர், 1258-இல் அவருடைய பேரன் ஹுலாகு காலத்தில் பாக்தாத் என்று அந்தப் படைகள் செய்த படுகொலைகளை எந்த மேய்ச்சல் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. நான் இங்கே கேட்பது, அந்தப் படைக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும். ஒரு வீரருக்கு மூன்று முதல் ஐந்து குதிரை. லட்சம் பேர் என்றால் சில லட்சம் குதிரை. அவ்வளவும் புல் மேய்பவை. மங்கோலியாவில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளில் நிற்கும் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 1211 முதல் 1225 வரை ஆயிரம் ஆண்டுகளில் காணாத அளவுக்குத் தொடர்ந்து ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தது தெரிந்தது. அதற்கு முந்தைய 1180-கள், 1190-களில் கடும் வறட்சி. தெமுஜின் என்ற இளைஞன் குலச் சண்டைகளில் மேலே வந்தது வறண்ட ஆண்டுகளில். 1206-இல் செங்கிஸ் கான் ஆன பிறகு அவர் படை வெளியே பாய்ந்தது புல் செழித்த ஆண்டுகளில். மழை மட்டுமே பேரரசைக் கட்டிவிடாது. பழைய குலங்களைக் கலைத்துப் பத்து, நூறு, ஆயிரம் என்று மக்களை மறுபடி அடுக்கிய அவருடைய மூளையும் வேண்டியிருந்தது. ஆனால் புல் இல்லாமல் அது நடந்திருக்காது.

அவர் மகன் ஒகதேய் காலத்தில் நடந்த ஒரு வாதம் இன்னும் முக்கியம். வட சீனாவின் விவசாயிகளால் நமக்கு என்ன பயன், அவர்களை அகற்றிவிட்டு வயலையெல்லாம் மேய்ச்சல் நிலமாக்கலாம் என்று மங்கோலியப் பிரபு ஒருவர் யோசனை சொன்னார். யேலு சூத்சாய் என்ற அமைச்சர் குறுக்கே நின்றார். அவர் கித்தான் இனத்தவர், பழைய புல்வெளி அரச குடும்பத்தின் வாரிசு, சீனக் கல்வி படித்தவர். இவர்களை உயிரோடு விட்டு வரி வாங்கினால் வெள்ளியும் பட்டும் தானியமும் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு வென்றது, மக்கள் தப்பினார்கள். மேய்ப்பரின் கண்ணுக்கு வயல் என்பது வீணான மேய்ச்சல் நிலம். இந்தக் குருட்டுத்தனத்தைக் கேட்டு நாம் நடுங்குகிறோம். பின்னால் வந்த அரசுகளின் கண்ணுக்கு மேய்ச்சல் நிலம் என்பது வீணான வயல். அப்போது கணக்குப் போட்டுக் காட்டித் தடுக்கிற சூத்சாய் யாரும் இல்லை.

17-ஆம் நூற்றாண்டில் இரண்டு பக்கமிருந்தும் எல்லை நெருங்கி வந்தது. மேற்கிலிருந்து ரஷ்யா, கிழக்கிலிருந்து சீனாவின் சிங் அரசு. 1689-இல் நெர்ச்சின்ஸ்க், 1727-இல் கியாக்தா என்று இரண்டு பேரரசுகளும் ஒப்பந்தம் போட்டுப் புல்வெளியின் நடுவே கோடு கிழித்துக்கொண்டன. பின்வாங்கிப் போக இடம் இருந்தவரைதான் ஸ்கித்தியர் டேரியஸிடம் ஆடிய ஆட்டம் செல்லும். சிங் படை வழிநெடுகத் தானியக் கிடங்கு அமைத்துக்கொண்டே முன்னேறியது. 1750-களின் முடிவில், இன்றைய வடமேற்குச் சீனாவில் இருந்த துசுங்கர் என்ற கடைசிப் பெரிய புல்வெளி அரசு அழிந்தது. போரிலும் பெரியம்மையிலும் அந்த மக்களில் பெரும்பாலோர் மாண்டார்கள்.

அந்த வெற்றிடத்துக்குத் திரும்பப் புறப்பட்டவர்கள்தான் வோல்கா கரைக் கல்மிக்கியர்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் துசுங்காரியாவிலிருந்து வோல்காவுக்கு வந்து குடியேறிய மங்கோலிய இனத்தவர் இவர்கள். ரஷ்யக் குடியேற்றமும் படைக்கு ஆள் கேட்டு வந்த நெருக்கடியும் தாங்காமல், 1771 ஜனவரியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மந்தைகளோடு கிழக்கே கிளம்பினார்கள். ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தவர்களும் சேர்ந்துவர வேண்டியது. அந்த ஆண்டு வோல்கா உறையவில்லை. மந்தையோடு கடக்க முடியாமல் அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள்தான் போய்ச் சேர்ந்தார்கள். இன்று ரஷ்யாவின் கல்மிக்கியாவில் வாழும் பௌத்தர்கள், ஆறு உறையாததால் கரையில் நின்றவர்களின் வழித்தோன்றல்கள்.

கசாக்குகளுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரஷ்ய, உக்ரைனிய விவசாயிகள் கசாக் புல்வெளியில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஆற்றங்கரையும் நல்ல மண்ணும். அவை கசாக்குகள் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த இடங்கள். மந்தை போகும் பாதைகள் அறுந்தன. பின்பு 1929-30-இல் சோவியத் அரசு கட்டாயக் கூட்டுப்பண்ணையோடு மேய்ப்பர்களை நிலையாகக் குடியமர்த்தும் திட்டத்தையும் கொண்டுவந்தது. கறிக்கும் தானியத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். தானியம் விளைவிக்காத மேய்ப்பர், மந்தையை விற்றுத் தானியம் வாங்கி அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் குவிக்கப்பட்ட கால்நடைக்குத் தீவனம் இல்லை. கசகஸ்தானின் கால்நடைகளில் பத்தில் ஒன்பது பங்கு சில ஆண்டுகளில் அழிந்தது. 1930 முதல் 1933 வரையிலான பஞ்சத்தில் ஏறக்குறைய 15 லட்சம் பேர் செத்தார்கள். அவர்களில் சுமார் 13 லட்சம் பேர் கசாக்குகள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கசாக் மக்கள். மீந்தவர்களில் பல லட்சம் பேர் சீனாவுக்கும் பிற பகுதிகளுக்கும் தப்பி ஓடினார்கள். சொந்த மண்ணில் கசாக்குகள் சிறுபான்மை ஆனார்கள். உக்ரைன் பஞ்சத்தைப் பற்றி உலகம் பேசும் அளவில் நூறில் ஒரு பங்குகூட இதைப் பேசுவதில்லை. ஆவணம் எழுதும் பழக்கமும் வெளிநாட்டில் குரல் கொடுக்க ஆளும் இல்லாத மேய்ப்பர்கள் என்பதால்தானோ என்று தோன்றுகிறது.

மங்கோலியாவிலும் 1930-32-இல் இதே முயற்சி நடந்தது. மேய்ப்பர்கள் மந்தையை அறுத்துத் தள்ளினார்கள், கலகம் வெடித்தது, அரசு பின்வாங்கியது. 1950-களின் இறுதியில் கூட்டுப்பண்ணை மறுபடி வந்தபோது அது இடம் மாறுவதை நிறுத்தவில்லை. மாறாக, கெர் ஏற்றிப்போக லாரியும், குளிர்காலத்துக்கு வைக்கோலும், கால்நடை மருத்துவரும் கொடுத்தது. அதனால் அங்கே புல்வெளி தப்பியது. 1990-களில் மங்கோலியா, சீனாவின் உள் மங்கோலியா, ரஷ்யாவின் புரியாத்தியா ஆகியவற்றை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், மேய்ப்பர்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்த இடங்களில் புல் குறைவாகவும், ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட இடங்களில் மிக அதிகமாகவும் கெட்டுப்போயிருந்தது. 1968-இல் அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின், பொது மேய்ச்சல் நிலம் என்றாலே ஆளாளுக்கு மாடு விட்டுப் பாழாக்கிவிடுவார்கள் என்று எழுதியதை உலகமே நம்பியது. அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரோம் அதை மறுத்தபோது எடுத்துக்காட்டியவற்றில் இந்தப் புல்வெளி ஒப்பீடும் ஒன்று. பொதுவளங்களை மக்கள் தாங்களே ஆளும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய மங்கோலியாவுக்கு வருவோம். கூட்டுப்பண்ணைகள் 1990-களின் தொடக்கத்தில் கலைந்து, கால்நடை தனியார் கைக்கு வந்தது. வேலையிழந்த நகரத்துக்காரர்கள் பலர் மேய்ப்பர் ஆனார்கள். லாரி இல்லை, பொதுக் கிணறுகள் பழுதாயின, நகரத்தையும் சாலையையும் ஒட்டி மந்தைகள் குவிந்தன. வெள்ளாட்டின் மென்ரோமமான காஷ்மீர் கம்பளிக்கு நல்ல விலை என்பதால் வெள்ளாடு பெருகியது. 1990-இல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடு 2019-இல் இரண்டரைக் கோடிக்கும் மேல் ஆனது. மொத்தக் கால்நடை இரண்டரைக் கோடியிலிருந்து 2019-இல் ஏழு கோடியானது. வெள்ளாடு புல்லை அடியோடு கடிக்கும். ஐந்து மூக்கின் பழைய சமநிலை குலைந்துவிட்டது. இதோடு 1940-க்குப் பிறகு அங்கே சராசரி வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் கூடிவிட்டது.

இதெல்லாம் சேர்ந்து தாக்கும் பேரிடருக்கு மங்கோலியர்கள் 'ஸுட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழப் பனி விழுந்து புல் மறைந்தால் வெள்ளை ஸுட். பனியே விழாமல் குடிக்க நீரின்றிப் போனால் கறுப்பு ஸுட். இடையில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி இறுகினால் இரும்பு ஸுட். அப்போது குதிரைக் குளம்பாலும் உடைக்க முடியாது. 1999 முதல் 2002 வரை தொடர்ந்த ஸுட்களில் ஒரு கோடிக்கும் மேல் கால்நடை செத்தது. 2009-10-இல் ஒரே குளிர்காலத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடி. 2023-24-இல் எழுபது லட்சத்துக்கும் மேல். மந்தை போனவர்கள் கெரைக் கழற்றி ஏற்றிக்கொண்டு தலைநகர் உலான்பாத்தருக்குப் போகிறார்கள். நகரைச் சுற்றிய மேடுகளில் பலகை வேலி அடித்து அதற்குள் கெர் நிறுத்தி, நிலக்கரி எரித்துக் குளிர் காய்கிறார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்று அந்த ஒரே நகரத்தில்.

ஸுட் வரும் என்று தெரிந்தால் மேய்ப்பர் செய்வது ஓத்தோர். மந்தையில் வலுவானவற்றைப் பிரித்துக்கொண்டு, புல் இருக்கும் வேறு மாவட்டத்துக்குச் சில மாதம் தொலைதூரப் பயணம் போவது. இப்போது கைப்பேசியில் வானிலை பார்த்து, முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் போய் இடம் பார்த்து வருகிறார். போகும் இடத்தில் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு நீ வந்தால் இன்னொரு ஆண்டு நான் வருவேன் என்ற வாக்கில்தான் அது நடக்கிறது. மந்தைகள் பெருகிவிட்டதால் வரவேற்பு குறைந்து, வந்தவர்களோடு சச்சரவும் நடக்கிறது. 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குடிமக்களுக்கு நிலத்தைச் சொந்தமாகத் தரலாம் என்று சொல்லிவிட்டு, மேய்ச்சல் நிலத்தை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதைக் குடும்பவாரியாகக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொருவரும் பொறுப்போடு பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு தரப்பு நெடுநாளாக வாதாடுகிறது. உள் மங்கோலியாவில் 1980-களிலிருந்து அப்படிப் பிரித்துக் கம்பி வேலியும் போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மழை பெய்து இந்தப் பக்கம் காய்ந்த ஆண்டுகளில், இந்தப் பக்கத்து மந்தை கம்பியை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.